எந்தக் கொம்பு மானை விட்டுவிடுவது?

கேள்வி

எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக மர்பி டவுனில் இருக்கிறது. என் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸில் வேலை பார்த்தவர். அதிகாரிகள் லீவில் நீலகிரிக்கு வேட்டைக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போவார்களாம். “தோல் உரியாத கொம்பைச் சுடக் கூடாது, பெண்மானைத் தொடக் கூடாது” என்று துரைமார் கண்டிப்பாகச் சொல்வார்கள் என்று அப்பா எங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் கொண்டுவந்த ஒரு ஜோடி கடமான் கொம்பு இன்றைக்கும் எங்கள் முன்னறைச் சுவரில் மாட்டியிருக்கிறது.

என் மகள் வயிற்றுப் பேரன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். கூட வேலை செய்யும் நண்பர் குடும்பத்துக்குக் கெர்வில் பக்கம் பெரிய பண்ணை. இந்த ஆண்டு மான் வேட்டைக்கு இவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே வெள்ளைவால் மானோடு நம் ஊர்ப் புள்ளிமானும் கூட்டம் கூட்டமாக மேய்கிறது என்று படம் எடுத்து அனுப்பினான். பார்த்து அசந்துபோனேன். பண்ணைக்காரப் பெரியவர் அவனிடம், “கண்ணில் பட்டதையெல்லாம் சுடாதே, எதை விட்டுவிட வேண்டும் என்று முதலில் கற்றுக்கொள்” என்றாராம். “தாத்தா, உங்க அப்பா வேட்டைக்குப் போனவர்தானே, உங்களுக்குத் தெரியுமா?” என்று என்னைக் கேட்கிறான்.

எனக்குத் தெரியவில்லை. எந்த ஆண் மானை விட்டுவிட வேண்டும், எப்படித் தெரிந்துகொள்வது? அப்பா சொன்ன அந்த விதிகள் உண்மையில் இருந்தனவா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மனைவிக்கு இதில் சம்மதமே இல்லை. “இங்கே செய்தால் ஜெயில், அங்கே போய்ச் செய்தால் மட்டும் சரியாகிவிடுமா?” என்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

— ஒரு வாசகர், மர்பி டவுன், பெங்களூரு

பதில்

ஐயா, உங்கள் பேரன் பொறுக்கி எடுத்துக் கேட்டிருக்கும் கேள்வி நல்ல கேள்வி. எதைச் சுடுவது என்று கேட்பவர்கள் ஏராளம். எதை விடுவது என்று கேட்கிறவனிடம்தான் துப்பாக்கியைக் கொடுக்கலாம்.

வேட்டைக்குப் போகும் முன் ஒரு சட்ட விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும். வேலை விசாவில் அமெரிக்காவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அந்நாட்டு மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. நண்பருடைய துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும் சிக்கல்தான். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. எனவே பண்ணைக்குள் நுழையும் முன்பே டெக்சாஸ் லைசென்ஸ் அவன் பெயரில் இருக்க வேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பையும் முடித்திருக்க வேண்டும் என்பது அம்மாநில விதி. இதில் அலட்சியம் கூடாது, விசாவே போய்விடும்.

இனி மானுக்கு வருவோம். புதிதாகப் போகிறவன் கண் நேராகக் கொம்புக்குத்தான் போகும். எத்தனை கிளை, எவ்வளவு நீளம் என்று எண்ணத் தொடங்கிவிடுவான். அங்கேதான் தவறு தொடங்குகிறது. ஒரு மானை விடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது அதன் வயது. கொம்பு வயதைச் சரியாகச் சொல்லாது. நல்ல தீனி கிடைத்த இரண்டரை வயது மானின் கொம்பு, வறட்சியில் வளர்ந்த ஐந்து வயது மானின் கொம்பைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆகவே பைனாகுலரை எடுத்ததும் கொம்பை மறந்துவிட்டு உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கொம்பைப் பிறகு பார்க்கலாம்.

வெள்ளைவால் மானில் ஒன்றரை வயது ஆணைப் பார்த்தால், பெண்மானுக்குக் கொம்பு முளைத்த மாதிரி இருக்கும். கழுத்து மெல்லியது, கால்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். இரண்டரை வயதிலும் கால்கள் நீளமாகவே தெரியும், வயிறு ஒட்டியிருக்கும். மூன்றரையில் மார்பு விரிந்து திரண்டுவிடும். ஆனால் இடுப்பு இன்னும் ஒடுங்கியே இருக்கும். பலர் ஏமாறுவது இந்த வயதில்தான். நாலரை தாண்டினால் உடம்பு நிறைந்து, கால்கள் குட்டையானது போலத் தோன்றும். ஐந்து, ஆறு வயதான ஆணுக்குக் கழுத்தும் மார்பும் ஒன்றாகச் சேர்ந்துவிடும், அடிவயிறு மார்பு மட்டத்துக்குத் தொங்கும், முதுகு லேசாகக் குழியும். கொம்பு தன் முழு அளவை எட்டுவதும் ஏறத்தாழ இந்த வயதில்தான். அதாவது மூன்றரை வயதில் ‘ஆஹா’ என்று நம்மை வியக்கவைக்கும் மான் இன்னும் வளர்ந்து முடியவில்லை.

மான் பக்கவாட்டில் நிற்கும்போதுதான் இதையெல்லாம் பார்க்க முடியும். நேர் எதிரே நின்று நம்மை முறைக்கும் மானுக்கு வயது சொல்ல முயலவே கூடாது. நவம்பர் இணைசேரும் காலத்தில் கழுத்து வீங்கியிருக்கும், அதனால் இளையதும் முதியதாகத் தெரியும். இன்னொரு விஷயம்: அந்தியில் வெட்டவெளிக்கு முதலில் வருவது பெரும்பாலும் பெண்களும் இளசுகளும்தான். வயதான ஆண் மரநிழலிலேயே நின்று, வெளிச்சம் போகும் நேரத்தில்தான் தலைகாட்டும். முதலில் வந்ததைச் சுட்டுவிட்டுப் போகிறவனுக்கு அந்தக் காட்டின் கிழவர்கள் இருப்பதே தெரியாது.

டெக்சாஸ் அரசே சில மாவட்டங்களில் இதை விதியாக்கியிருக்கிறது. 2002-ல் ஆறு மாவட்டங்களில் தொடங்கி, பிறகு பல மாவட்டங்களுக்கு விரிந்தது. கிளைவிடாத கொம்பு ஒன்றாவது இருக்க வேண்டும், அல்லது இரு கொம்புகளுக்கும் நடுவே உள் அகலம் குறைந்தது 13 அங்குலம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஆணைச் சுடக் கூடாது. எப்படி அளப்பது? காதுகளை விறைத்து நிற்கும் மானுக்கு ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனி வரை சுமார் 13 அங்குலம். கொம்பு காதுகளுக்கு வெளியே தெரிந்தால் அது விதிக்குள் வந்துவிடும். பேரன் போகும் பண்ணை எந்த மாவட்டத்தில் இருக்கிறது, அங்கே இந்த ஆண்டு என்ன விதி என்று பார்த்துக்கொள்ளட்டும். ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

கிளையே இல்லாத, குச்சி போன்ற கொம்பு வைத்த இளம் ஆண்களை என்ன செய்வது என்று அங்கே பல பத்தாண்டுகளாகச் சண்டை நடக்கிறது. கெர்வில் அருகிலேயே இருக்கும் கெர் காட்டுயிர் ஆய்வுப் பகுதியில் 1970-களிலிருந்து இதைப் பற்றி ஆராய்ந்தார்கள்; அவை பிறவியிலேயே குறைந்தவை, எடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். காட்டு மான்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த வேறு ஆய்வுகளோ, அவற்றில் பல நாலைந்து வயதில் மற்றவற்றை எட்டிப் பிடித்துவிடுகின்றன என்றன. என் கருத்து இரண்டாவது பக்கம். பருவம் தப்பிப் பிறந்தாலும், முதல் ஆண்டில் தீனி இல்லாவிட்டாலும் கொம்பு அப்படித்தான் வரும். ஒன்றரை வயதில் ஒரு மானின் பிறவியைப் பற்றித் தீர்ப்பு எழுத முடியாது.

விட்டுவிடுவதற்கு விதி வைத்தும் கெட்டுப்போன கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தில் 1995-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: கொம்பில் மொத்தம் நான்கு கிளையாவது இல்லாத ஆணைச் சுடக் கூடாது. இளசுகளைக் காப்பாற்றும் நல்ல எண்ணம்தான். நடந்தது வேறு. ஒன்றரை வயதிலேயே நான்கு கிளை விடும் வளமான குட்டிகள் விதிக்குள் வந்து சுடப்பட்டன. அதே வயதில் சிறிய கொம்போடு நின்றவை தப்பின. சில ஆண்டுகளில், சில பகுதிகளில், மூத்த ஆண்களின் கொம்பு சராசரியாகச் சிறுத்துப்போனதை 2001-ல் வெளியான ஆய்வு காட்டியது. பிறகு அம்மாநிலம் கிளை எண்ணுவதை விட்டுவிட்டு, கொம்பின் அகலத்தையும் நீளத்தையும் பார்க்கும் விதிக்கு மாறியது. நம் விவசாயி திரண்ட கதிரை விதைக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் சோற்றுக்கு வைப்பார். கொம்பை மட்டும் பார்க்கும் வேட்டைக்காரன் திரண்ட கதிரைத் தின்றுவிட்டுப் பதரை விதைக்கிறான். கனடாவின் ஆல்பர்ட்டா மலைகளில் பெருங்கொம்பு ஆடுகளைப் பல பத்தாண்டுகள் கண்காணித்தவர்களும் 2003-ல் இதையேதான் எழுதினார்கள்: பெரிய கொம்புக் கிடாய்களையே தேடித் தேடிச் சுட்ட மலையில் தலைமுறைக்குத் தலைமுறை கொம்பு சிறுத்தது.

ஆகவே இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இளையதை விடுங்கள், இளையதிலும் நன்றாக வளர்ந்து வருவதைக் கட்டாயம் விடுங்கள். பண்ணையில் அந்த ஆண்டு ஆண்கள் குறைவு, பெண்கள் மிகுதி என்றால் ஆண்களை மொத்தமாகவே விட்டுவிட்டு இறைச்சிக்கு ஒரு பெண்மானை எடுப்பது மேல். அங்கே அது அனுமதிக்கப்பட்டதுதான். உங்கள் அப்பா காலத்துக் காதுக்கு அது பாவமாகப் பட்டிருக்கும். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு விலக்கு உண்டு. மான்களின் மூளையைச் சிதைத்து உருக்கிக் கொல்லும் தீரா நோய் ஒன்று வட அமெரிக்காவில் பரவிவருகிறது. டெக்சாஸில் முதலில் 2012-ல் மேற்குக் கோடியில் தென்பட்டது. 2015-ல் வளர்ப்பு வெள்ளைவால் மான்களிலும் கண்டுபிடித்தார்கள். வயதான ஆண்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. நோய்ப் பகுதி என்று அறிவித்த இடத்தில் முதிய ஆண்களை வளரவிடும் கொள்கை செல்லாது. அங்கே அரசு என்ன சொல்கிறதோ அதைச் செய்ய வேண்டும், சுட்ட மானைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

புள்ளிமான் கதை வேறு. நம் பந்திப்பூரில் சாலையோரம் நிற்கும் அதே மான்தான் அது. 1932-ல் டெக்சாஸுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். வேலி தாண்டிப் பரவி, கெர்வில் இருக்கும் மேட்டுநிலப் பகுதி முழுக்க இப்போது காட்டு விலங்காகவே பெருகிவிட்டது. வெளிநாட்டு விலங்கு என்பதால் அதற்கு வேட்டைப் பருவமே கிடையாது. லைசென்ஸும் நிலத்துக்காரர் அனுமதியும் இருந்தால் ஆண்டு முழுவதும் வேட்டையாடலாம். இந்த மானால் அங்கே உண்மையிலேயே கேடு உண்டு. வெள்ளைவால் மான் தழையையும் பூண்டுச் செடியையும் நம்பி வாழ்வது. புள்ளிமான் அதையும் தின்னும், அது தீர்ந்தால் புல்லுக்கு மாறிக்கொள்ளும். வெள்ளைவால் மானுக்கு அப்படி மாற முடியாது. பஞ்ச காலத்தில் மெலிந்து சாவது அந்த மண்ணின் மான்தான்.

இதே தவறு வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. ஹவாய் அரசர் ஐந்தாம் கமேஹமேஹாவுக்குப் பரிசாக 1860-களின் இறுதியில் சில புள்ளிமான்கள் மொலக்காய் தீவுக்குப் போயின. கொன்று தின்ன விலங்கே இல்லாத அந்தத் தீவுகளில் அவை இன்று பெரும் தொல்லை. நம் அந்தமானிலும் ஆங்கிலேயர் காலத்தில் விட்ட புள்ளிமான்கள் காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்க்கின்றன.

அந்தப் பண்ணையில் எந்தப் புள்ளிமான் ஆணை விடுவது? முதல் விதி உங்கள் அப்பா சொன்னதுதான்: தோல் உரியாத கொம்பை விடு. வெள்ளைவால் மானில் எல்லா ஆண்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கொம்பை உதிர்த்து, ஒரே காலத்தில் முளைக்கவிடும். புள்ளிமானில் அப்படியில்லை. ஒவ்வோர் ஆணுக்கும் தனிக் காலக்கணக்கு. ஒரே மந்தையில் ஒன்று முழுக்கொம்போடு நிற்கும், ஒன்று தோல் போர்த்த கொம்போடு நிற்கும், இன்னொன்று மொட்டைத் தலையோடு நிற்கும். தோலுக்குள் இருக்கும் கொம்பு ரத்த ஓட்டமுள்ள, மென்மையான, வளரும் எலும்பு. அதன் கடைசி அளவு என்னவென்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது: புள்ளிமானில் கிளை எண்ணுவது வீண். சிறியதோ பெரியதோ, பக்கத்துக்கு மூன்று கிளைதான் வழக்கம். தண்டின் நீளத்தையும் கனத்தையும் பார்க்க வேண்டும். அங்கே 30 அங்குலம் தாண்டியதைத்தான் முதிர்ந்தது என்று மதிக்கிறார்கள். கழுத்துக் கனமும் முகத்துக் கருமையும் வயதோடு கூடும். கொம்பு நீண்டும் கழுத்து இன்னும் ஒல்லியாக இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஆனாலும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். அங்கே புள்ளிமான் கூட்டத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் ஆண்களைச் சுட்டுப் பயனில்லை. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். பத்து ஆண்கள் போனாலும் அடுத்த ஆண்டுக் குட்டிகளின் எண்ணிக்கை குறையாது. பெண்களை எடுத்தால்தான் குறையும். கொம்பு ஆணுக்குப் பெரும்பணம் கிடைப்பதால் பல பண்ணைகளில் ஆண்களை விற்றுவிட்டுப் பெண்களை விட்டுவைக்கிறார்கள். அது வியாபாரம், நிலத்துக்குச் செய்யும் நன்மை அல்ல. பேரன் அந்தப் பெரியவரிடம் மரியாதையாக இதைக் கேட்டுப் பார்க்கலாம்: “எனக்குக் கொம்பு வேண்டாம், எந்தப் பெண்மானை எடுக்கலாம்?” என்று.

இப்போது அப்பா சொன்ன விதிகள். அவை உண்மைதான், ஐயா. நீலகிரியில் 1870-கள் வரை வேட்டைக்கு வரைமுறையே இல்லை. கடமானும் வரையாடும் கண்முன்னே குறைந்ததைக் கண்டு பயந்த வேட்டைக்காரர்களே 1877-ல் ஒரு சங்கம் கூட்டினார்கள். 1879-ல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. லைசென்ஸ், மூடிய பருவம், பெண் விலங்குகளுக்கு விலக்கு என்று ஒவ்வொன்றாக வந்தன. வரையாட்டில் முதுகில் வெளுப்பு விழுந்த முதிய கிடாயை மட்டுமே சுடலாம் என்ற வழக்கமும் அங்கே வேரூன்றியது. முதுகு வெளுப்பது வயதானபின்தான், ஆகவே அது வயதைப் பார்க்கும் விதி. கொம்பை அளக்காமல் வயதைப் பார்த்த அந்த விதி, அந்தக் காலத்துக்கு வியக்கத்தக்க அறிவு என்பேன். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு இன்றும் நீலகிரியில் மிஞ்சியிருப்பதில் அந்தக் கட்டுப்பாடுகளுக்குப் பங்கு உண்டு. குன்னூர் வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. டேவிதார் அந்தச் சங்கத்தின் பொறுப்பில் இருந்துகொண்டு 1963-ல் வரையாடுகளைக் கணக்கெடுத்தார். அவரும் துப்பாக்கியிலிருந்து பைனாகுலருக்கு மாறியவர்தான்.

பெண்மானைத் தொடக் கூடாது என்ற விதி மந்தை அழியும் நிலையில் இருந்த காடுகளுக்குச் சரி. ஒவ்வொரு பெண்ணும் அடுத்த ஆண்டின் குட்டி. டெக்சாஸில் நிலைமை தலைகீழ். அங்கே ஓநாய் போய்விட்டது, வெள்ளைவால் மான் ஐம்பது லட்சத்துக்கும் மேல். அப்பா சொன்னதும் தவறில்லை, அந்தப் பண்ணைக்காரர் சொல்வதும் தவறில்லை.

சுதந்திர இந்தியாவும் இந்த விதிகளை எடுத்துக்கொண்டது. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த அன்றே வேட்டை முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அச்சட்டத்தின் மூல வடிவில் வேட்டை லைசென்ஸுக்கு இடம் இருந்தது. அதன் 15-ஆம் பிரிவு, தனி அனுமதி இல்லாமல் குட்டிகளையும் பெண் விலங்குகளையும் தோல் மூடிய கொம்புள்ள மானையும் வேட்டையாடக் கூடாது என்றது. அப்பாவுடைய துரைமார் சொன்னது ஏறத்தாழ வார்த்தைக்கு வார்த்தை நாடாளுமன்றச் சட்டமாக இருந்தது. 1991 திருத்தத்தில் லைசென்ஸ் வேட்டை முழுவதுமாக எடுக்கப்பட்டது. அந்தப் பிரிவும் போயிற்று. அன்றிலிருந்து எந்தக் கொம்பு மானை விடுவது என்ற கேள்விக்கு இந்தியாவில் ஒரே பதில்: எல்லாவற்றையும்.

உங்கள் மனைவியாரின் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். நம் காட்டில் மானைத் தேர்ந்தெடுக்க மனிதன் தேவையில்லை. அந்த வேலைக்குப் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன. நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்களுக்குப் பின்னாலேயே நடந்து அவை எதைக் கொல்கின்றன என்று பதிவு செய்தார். காட்டில் திரியும் பெருவிலங்குகளை இப்படி ஆராய்ந்த முதல் இந்திய அறிவியலாளர்களில் ஒருவர். 2024-ல் உங்கள் பெங்களூரில்தான் காலமானார். அவருக்குப் பின் நாகரஹொளெயில் உல்லாஸ் காரந்தும் மெல்வின் சன்குவிஸ்டும் செய்த ஆய்வு 1995-ல் வெளிவந்தது. புள்ளிமானிலும் கடமானிலும் காட்டுப்பன்றியிலும் வளர்ந்த ஆண்களே கூடுதலாக இரையாயின என்று அது காட்டியது. தனியே திரிவது, ஒன்றோடொன்று சண்டையிட்டுக் காயப்படுவது, இணைசேரும் காலத்தில் சுற்றுப்புறத்தை மறப்பது என்று ஆண்கள் சிக்குவதற்குக் காரணங்கள் பல. அவற்றில் எதுவும் கொம்பின் அழகு அல்ல. சுவரில் மாட்டுவதற்காகப் புலி எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. நம் காட்டில் மனிதன் துப்பாக்கியோடு நுழைந்தால் அந்த மூன்று விலங்குகளின் சாப்பாட்டில்தான் கைவைக்கிறான். ஆகவே இங்கே ஜெயில் என்பது சரி. டெக்சாஸில் ஓநாய் போன்ற வேட்டை விலங்குகளைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டார்கள், நம் மானைக் கொண்டுபோய் விட்டும்விட்டார்கள். அந்தக் கணக்கை நேர்செய்ய யாராவது எடுத்தாக வேண்டும். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அதில் குறை ஒன்றும் இல்லை. கொல்வதை விரும்பாத மனம் நல்ல மனம். ஆனால் அங்கே அவன் செய்யப்போவது இங்கே செய்தால் குற்றமாகும் அதே செயல் அல்ல என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

அடிபட்டு ஓடும் மானைப் பற்றியும் அவனிடம் பேசுங்கள். ஓடும் மானைச் சுடக் கூடாது. பின்னால் இன்னொரு மான் நின்றால் சுடக் கூடாது. மேட்டு விளிம்பில் வானத்தை முதுகில் வைத்து நிற்பதைச் சுடக் கூடாது. குண்டு எங்கே போய் விழும் என்று தெரியாது. வயது பற்றிச் சந்தேகம் வந்தாலும் அன்றைக்கு அந்த மானை விட்டுவிட வேண்டும். விட்டதை நாளைக்கும் சுடலாம், சுட்டதை நாளைக்கு விட முடியாது.

சுட்ட பிறகு கீழ்த்தாடை எலும்பை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைவால் மானின் மூன்றாவது முன்கடைவாய்ப் பல் மூன்று பகுதியாக இருந்தால் அது பால்பல். அந்த மான் பெரும்பாலும் ஒன்றரை வயதுதான். விழுந்து முளைத்த நிலைப்பல்லுக்கு இரண்டு பகுதிதான். மூத்தவற்றில் பல் தேய்ந்திருக்கும் அளவை வைத்து வயதைக் கணிப்பார்கள். சுடும் முன் தான் சொன்ன வயதை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு, பல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பவன் கண்தான் தேறும். அந்தப் பண்ணைக்காரர்களே தாடைகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள். முதல் நாளே கேட்டுப் பார்க்கட்டும்.

அடுத்த முறை பேரன் விடுமுறைக்கு வரும்போது பந்திப்பூருக்கோ முதுமலைக்கோ அழைத்துப் போங்கள். மைசூர் வழியாகப் போனால் காலையில் கிளம்பி மதியத்துக்குள் போய்விடலாம். புள்ளிமான் ஆண்களின் வயதைக் கணிக்கப் பழகுவதற்கு உலகத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை. வனத்துறை வண்டியில் உட்கார்ந்து, ஒவ்வோர் ஆணுக்கும் கழுத்து, வயிறு, கால் என்று பார்த்து, சுடலாமா விடலாமா என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டே வரட்டும். எல்லாவற்றையும் எப்படியும் விட்டுவிடத்தானே போகிறான், அவசரமே இல்லை.

கடைசியாக உங்கள் முன்னறைக் கொம்பு. அதை விற்கவோ, யாருக்கும் பரிசாகக் கொடுக்கவோ, மெருகு போடக் கடையில் கொடுக்கவோ செய்யாதீர்கள். நினைவுப்பொருளாகப் பேரனுக்கு அமெரிக்காவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அவனும் அங்கிருந்து கொம்பையோ தோலையோ பெட்டியில் போட்டுக்கொண்டு வரக் கூடாது, விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள். அப்பா காலத்து லைசென்ஸோ, உரிமைச் சான்றோ, பழைய காகிதம் ஏதாவதோ பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் மல்லேஸ்வரம் 18-ஆவது கிராஸில் உள்ள அரண்ய பவனுக்கு ஒருமுறை நேரில் போய், கொம்பின் படத்தைக் காட்டி, இன்றைய சட்டப்படி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.